'வேண்டாம்' என்று சொல்ல ஆகும் செலவு

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு எச்.ஐ.வி. பற்றித் தெரியும். தெரிந்தும் மறுக்க முடியாத நிலையில் அவர்களை வைத்திருப்பது எது?

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மாதிரிகளைத் தந்தவர்கள் பாலியல் தொழிலாளர்கள். அவர்களில் பலர் காவல் துறையால் பிடிக்கப்பட்டு அரசு விடுதியில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். மருத்துவ உலகுக்கு அது ஒரு மைல்கல். அந்தப் பெண்களுக்கோ அது வேறொரு தண்டனையின் தொடக்கமாயிற்று. கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் சிலர் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றப் படியேறிய பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. இந்தக் கிருமி அவர்களுக்கு யாரிடமிருந்து, எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று அன்று கேட்டவர்கள் மிகச் சிலர். ஆபத்து அந்தப் பெண்களின் உடலிலேயே குடியிருக்கிறது என்ற முடிவோடுதான் நாடு எய்ட்ஸை எதிர்கொள்ளத் தொடங்கியது.

அந்த முடிவு தவறு என்பதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆதாரம் இன்று கையில் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கண்காணிப்பு ஆய்வின்படி பெண் பாலியல் தொழிலாளர்களில் சுமார் 1.9 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 2003-ல் இது 10 சதவீதத்தைத் தொட்டிருந்ததை நினைத்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் நாட்டின் வயது வந்தோரில் தொற்று உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம்தான். அப்படியானால் இந்தப் பெண்கள் மற்றவர்களைவிட ஒன்பது மடங்கு சுமையை இன்னும் சுமக்கிறார்கள். பலரோடு உறவு கொள்கிறார்கள், அதனால் வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அதில் பாதி உண்மைதான் உண்டு. 1990-களில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தொற்று இருந்தது. அதே காலத்தில் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஒரே நாடு, ஒரே தொழில், ஒரே கிருமி. தொழில்தான் காரணம் என்றால் இந்த இடைவெளிக்கு விளக்கம் கிடையாது.

விளக்கம் வேறிடத்தில் இருக்கிறது. ஆணுறை இல்லாமல் வரும் ஒருவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவு எவ்வளவோ, அவளுக்கு ஆபத்தும் அவ்வளவு. அந்தச் செலவு பணமாகவும் இருக்கலாம், அடியாகவும் இருக்கலாம், கைதாகவும் இருக்கலாம், ஒரு துணையை இழப்பதாகவும் இருக்கலாம். மருத்துவ ஆய்வுகள் 'சமூகக் காரணிகள்', 'நடத்தைக் காரணிகள்' என்று தனித்தனியே பட்டியலிடுபவை எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் வந்து சேர்கின்றன.

பணத்தின் கணக்கு

முதலில் பணம். சோனாகாச்சியில் நடந்த எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் தொடக்க காலத் தரவுகளை வைத்து விஜயேந்திர ராவ், ஸ்மரஜித் ஜானா உள்ளிட்டோர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆணுறையை வலியுறுத்தும் பெண் தன் வருமானத்தில் 66 முதல் 79 சதவீதம் வரை இழக்கிறாள் என்பது அவர்களின் மதிப்பீடு. மெக்சிகோவில் பால் கெர்ட்லர் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வும் இதே சந்தையை மறுபக்கத்திலிருந்து காட்டியது. அங்கே ஆணுறை இல்லாத உறவுக்கு வாடிக்கையாளர்கள் 23 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆபத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுத்து வாங்குபவர் ஆண் என்பதே இந்த எண்களின் பொருள். வருமானத்தில் முக்கால் பங்கு போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் விழிப்புணர்வுத் துண்டறிக்கையை நீட்டுவதால் என்ன மாறும்? அதில் எழுதியிருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். வயது கூடக்கூட வருமானம் இறங்கும் இந்தத் தொழிலில், மறுக்கும் வலிமையும் வயதோடு சேர்ந்தே இறங்குகிறது.

கென்யாவின் மேற்கில் புசியா என்ற ஊரில் ஜோனாதன் ராபின்சனும் ஈதன் யேயும் பெண்களின் அன்றாட நாட்குறிப்புகளை வைத்து நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. வீட்டில் யாருக்காவது, பெரும்பாலும் குழந்தைக்கு, உடம்பு சரியில்லாமல் போன நாட்களில் அந்தப் பெண்கள் பாதுகாப்பற்ற உறவுக்கு உடன்படுவது 21 சதவீதம் அதிகரித்தது. அவர்களின் அறிவோ மனப்பான்மையோ ஒரே இரவில் மாறிவிடவில்லை. மருந்துக்குப் பணம் தேவைப்பட்டது, கொடுக்க வேறு ஆள் இல்லை. நம் ஊர்களில் இதே இடத்தில் கந்துவட்டிக்காரர் நிற்கிறார். ரேஷன் அட்டை இல்லாத, வங்கிக் கணக்கு இல்லாத, உறவினர்களிடம் கை நீட்ட முடியாத ஒரு பெண்ணுக்குக் குழந்தையின் காய்ச்சல் எச்.ஐ.வி. ஆபத்தாக உருமாறும் பாதை மிகக் குறுகியது. ஆகவே மருத்துவக் காப்பீடும் சிறுசேமிப்பும் முதியோர் ஓய்வூதியமும் எய்ட்ஸ் தடுப்புக்கு வெளியே உள்ள நலத்திட்டங்கள் என்று எண்ணுவது பிழை. அவை எய்ட்ஸ் தடுப்பின் உள்ளேயே வர வேண்டியவை.

அடியும் சட்டமும்

இரண்டாவது செலவு வன்முறை. கர்நாடகத்தில் தாரா பீட்டி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஓராண்டில் அடியோ பாலியல் வன்கொடுமையோ அனுபவித்த பெண்களில் 55.4 சதவீதம் பேரால்தான் முந்தைய மாதம் வாடிக்கையாளர்களுடனான எல்லா உறவிலும் ஆணுறை பயன்படுத்த முடிந்தது. வன்முறையை அனுபவிக்காத பெண்களிடையே அது 75.5 சதவீதம். அடிபட்டவர்கள் மருத்துவ மையத்துக்கு வந்ததும் குறைவு, அவர்களிடையே கொனோரியா தொற்று இருந்ததும் அதிகம். அடி வாங்கிய உடம்பு அடுத்த முறை பேரம் பேசத் தயங்கும் என்பதைப் புரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை. குடியும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. குடித்துவிட்டு வரும் ஆணிடம் ஆணுறை பற்றிப் பேசுவது அடியை அழைப்பதாக முடியலாம். அந்த இரவைத் தாங்குவதற்காகத் தானும் குடிக்கும் பெண்ணுக்கு மறுக்கும் தெளிவு மேலும் மங்குகிறது. குடிப்பது நடத்தைதான், ஆனால் அந்த நடத்தைக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

மூன்றாவது செலவைச் சட்டமே விதிக்கிறது. 1956-ன் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம் ஒரு பெண் தனியே இந்தத் தொழிலைச் செய்வதைக் குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவது, தரகு பார்ப்பது, பொது இடத்தில் அழைப்பது, அவள் வருமானத்தில் பிறர் வாழ்வது ஆகியவற்றைக் குற்றமாக்கியது. நடைமுறையில் இந்த வேறுபாடு தெருவில் கரைந்துபோகிறது. பைக்குள் இருக்கும் ஆணுறையே சாட்சியாகும் இடத்தில், அதை வைத்திருப்பதைவிட வைத்திருக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவர் முடிவு செய்வார். ஓர் அரசுத் துறை இலவசமாகக் கொடுப்பதை இன்னோர் அரசுத் துறை குற்றத்தின் தடயமாக எடுத்துக்கொள்கிறது. காவலருக்குப் பயந்து இருட்டான ஒதுக்குப்புறத்துக்குப் போகிறவருக்கு வாடிக்கையாளரை எடைபோடவும் பேரம் பேசவும் சில நொடிகளே கிடைக்கின்றன. 33 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து லூசி பிளாட் குழுவினர் 2018-ல் வெளியிட்ட பகுப்பாய்வு இதை உறுதிப்படுத்துகிறது. கைது, விரட்டல், பறிமுதல் போன்ற ஒடுக்குமுறைக்கு ஆளான பெண்களிடையே எச்.ஐ.வி. அல்லது பால்வினைத் தொற்றுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகவும் வன்முறைக்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகவும் இருந்தன. 2004-ல் கோவாவின் பைனா கடற்கரைக் குடியிருப்பை அரசு இடித்துத் தள்ளியபோது தொழில் ஒழிந்துவிடவில்லை. பெண்கள் லாட்ஜுகளுக்கும் தெருக்களுக்கும் சிதறினார்கள். அவர்களைத் தேடிப் போய்ச் சந்தித்த சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் எங்கே என்றே தெரியாமல் போயிற்று.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

நான்காவது செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மைசூரில் சுஷேனா ரேசா பால் குழுவினர் 2004-லும் 2006-லும் நடத்திய கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் இது விளங்கும். எப்போதாவது வரும் வாடிக்கையாளருடன் கடைசி உறவில் ஆணுறை பயன்படுத்தியது 65 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாயிற்று. திரும்பத் திரும்ப வருபவருடன் 53-லிருந்து 66. நிரந்தரத் துணையுடன் 7-லிருந்து 30. பழக்கம் கூடக்கூட ஆணுறை குறைகிறது. கணவரோ காதலரோ, தன்னை வேலையோடு சேர்த்துப் பார்க்காத ஒரே மனிதரிடம் ஆணுறையை எடுத்து நீட்டினால் அது அவரை வாடிக்கையாளர் வரிசையில் நிறுத்துவதாகிவிடும். நம்பவில்லை என்று சொல்வதாகவும் ஆகிவிடும். வாடகைக்கு வீடு பிடிக்கவும் பள்ளியில் குழந்தையின் அப்பா பெயரைச் சொல்லவும் அக்கம்பக்கத்தாரின் வாயை மூடவும் ஓர் ஆண் துணை தேவைப்படும் சமூகத்தில், அந்தத் துணையை இழப்பது பெரிய இழப்பு. ஆகவே வெளியே பத்துப் பேரிடம் உறுதியாக நிற்கும் பெண் வீட்டுக்குள் ஒருவரிடம் விட்டுக்கொடுக்கிறார். வாடிக்கையாளரை மட்டும் குறிவைக்கும் எந்தத் திட்டமும் இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை.

இந்த நான்கு செலவுகளுக்கும் மறுமுனையில் ஓர் ஆண் இருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நோய்க்கான ஆபத்து பற்றிய புள்ளிவிவரம் பெரும்பாலும் பெண்களைப் பற்றியதாகவே சேகரிக்கப்படுகிறது. காரணம், அவர்கள் ஓரிடத்தில் கிடைக்கிறார்கள், பட்டியலிடலாம், பரிசோதிக்கலாம். வாடிக்கையாளர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறார். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்ட 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி பலராலும் வேடிக்கையாகப் பேசப்பட்டது. ஆனால் கேள்வியை ஆணின் பக்கம் திருப்பிய அரிய பிரசாரங்களில் அதுவும் ஒன்று. அந்தத் திசையில் நாம் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும்.

செலவைக் குறைத்தவர்கள்

மறுப்பதற்கான செலவுதான் சிக்கல் என்றால், அதைக் குறைப்பதுதான் தீர்வு. சோனாகாச்சி அதைத்தான் செய்தது. 1992-ல் அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் அங்கே சென்ற தொற்றுநோயியலாளர் ஸ்மரஜித் ஜானா, பாலியல் தொழிலாளர்களையே சகக் கல்வியாளர்களாகப் பணியில் அமர்த்தினார். அப்போது எப்போதும் ஆணுறை பயன்படுத்தியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு பெண் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த அறைக்குப் போவார். தெரு முழுவதும் மறுத்தால் அவருக்குப் போக இடம் இல்லை. 1995-ல் அவர்களே தொடங்கிய துர்பார் மகளிர் ஒருங்கிணைப்புக் குழு இந்தக் கூட்டு மறுப்புக்கு அமைப்பு வடிவம் கொடுத்தது. அதே ஆண்டில் உருவான உஷா கூட்டுறவுச் சங்கம் கடன் சுமையைக் கையிலெடுத்தது. உறுப்பினருக்கு நல்லொழுக்கம் வேண்டும் என்ற சட்ட விதி அதைப் பதிவு செய்யத் தடையாக நின்றது. மாநில அரசு இறங்கி வந்த பிறகே பதிவு நடந்தது. ஒரு வங்கிப் புத்தகத்துக்காக அவர்கள் நடத்திய அந்தப் போராட்டமும் எச்.ஐ.வி. தடுப்புதான்.

சோனாகாச்சி ஒரு விதிவிலக்கு, வேறெங்கும் நடக்காது என்ற ஐயத்துக்கு ஒரு பரிசோதனை பதில் சொல்கிறது. மேற்கு வங்கத்தின் வடபகுதியில் இரண்டு சிறு நகரப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒன்றில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள், மற்றொன்றில் வழக்கமான மருத்துவச் சேவை மட்டும். 2004-ல் வெளியான முடிவின்படி முதல் பகுதியில் ஆணுறைப் பயன்பாடு 39 சதவீதம் உயர்ந்தது, இரண்டாவதில் 11 சதவீதம். எப்போதும் தவறாமல் பயன்படுத்துவோர் முதல் பகுதியில் 25 சதவீதம் கூடினார்கள், இரண்டாவதில் 16 சதவீதம் குறைந்தார்கள். கர்நாடகத்தில், அவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் உதவியோடு, தாக்குதல் நடந்தால் உடனே ஓடி வரும் குழுக்களும் காவலர்களுக்கான பயிற்சியும் வந்த பிறகு வன்முறை குறைந்தது. ஒரு கணக்கெடுப்பில் ஓராண்டில் தாக்குதலுக்கு ஆளானோர் கால் பங்குக்கு மேலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தனர். கேட்டால் எல்லோரும் ஆணுறை போடுவதாகத்தான் சொல்வார்கள், அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மைசூரில் 2004-க்கும் 2006-க்கும் இடையே சிபிலிஸ் 25 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியதை இரத்தப் பரிசோதனை சொன்னது. வாய்மொழி பொய்யாக இருந்திருந்தால் இரத்தம் அதோடு ஒத்துப்போயிருக்காது.

மறுப்புகளுக்குப் பதில்

தாய்லாந்தைச் சுட்டிக்காட்டுபவர்கள் உண்டு. அங்கே 1989-ல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991-ல் நாடு முழுதும் 'நூறு சதவீத ஆணுறை' கட்டாயமாக்கப்பட்டது. 14 சதவீதமாக இருந்த பயன்பாடு 1992-க்குள் 90 சதவீதத்தைத் தாண்டியது. அமைப்பு, கூட்டுறவு, உரிமை என்று சுற்றி வளைப்பானேன், ஓர் அரசாணை போதுமே என்பது இவர்கள் வாதம். உண்மையில் தாய்லாந்தின் வெற்றி இந்தக் கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகிறது. ஆணை எல்லா விடுதி உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தியதால், மறுக்கும் பெண்ணை விட்டு அடுத்த விடுதிக்குப் போகும் வழி அடைபட்டது. சோனாகாச்சியில் சங்கம் செய்ததை அங்கே அரசு செய்தது. ஆனால் அந்த முறைக்கு விடுதிகள் வேண்டும், அவற்றின் மேல் காவல் துறைக்குப் பிடி வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலில் உள்ள பெரும்பாலான பெண்கள் தெருவிலும் லாட்ஜிலும் வீட்டிலும் தொழில் செய்கிறார்கள், இன்று செல்பேசி வழியாகவும். எந்த உரிமையாளருக்கு ஆணையிடுவது? காவலருக்கு மேலும் அதிகாரம் கொடுத்தால் மூன்றாவது செலவுதான் கூடும்.

அடுத்த மறுப்பு கனமானது. இப்படியெல்லாம் பேசுவது பெண்ணை விற்பதற்கு அங்கீகாரம் கொடுப்பதாகாதா? கடத்தப்படும் சிறுமிகளின் கதி என்ன? கடத்தலும் சிறாரை இதில் தள்ளுவதும் கொடுங்குற்றங்கள். அவற்றில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே வலையில் வாரிச் சுருட்டும் ரெய்டு, கடத்தியவனைவிடக் கடத்தப்பட்டவளையும் சம்மதத்தோடு தொழில் செய்பவரையும்தான் அதிகம் பிடிக்கிறது. ஒரு சிறுமி புதிதாகக் கொண்டுவரப்பட்டால் முதலில் தெரிந்துகொள்பவர்கள் அங்கிருக்கும் பெண்கள்தான். துர்பார் அமைப்பு புதிதாக வருபவர்களை விசாரித்து, சிறாரையும் கட்டாயப்படுத்தப்பட்டவரையும் மீட்க, சுயக் கட்டுப்பாட்டு வாரியங்களை நடத்துகிறது. காவல் நிலையத்துக்குப் பயப்படாத பெண்தான் அந்தத் தகவலைச் சொல்வார். பெண்ணை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் தண்டிக்கலாமே என்று 1999-ன் ஸ்வீடன் சட்டத்தைக் காட்டுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் காவலருக்குப் பயந்தால் அவசரமும் இருட்டும்தான் மிஞ்சும், பேரத்தில் தோற்பவர் அப்போதும் பெண்ணே. வான்கூவர், மொம்பாசா, பெல்லாரி ஆகிய இடங்களை வைத்து 2014-ல் லான்செட் இதழில் கேட் ஷானன் குழுவினர் போட்ட கணிப்பில், பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினால் பத்தாண்டுகளில் 33 முதல் 46 சதவீதம் வரையிலான புதிய தொற்றுகள் தவிர்க்கப்படலாம் என்று தெரிந்தது. இது கணிப்புதான், அளவீடு இல்லை. ஆனால் மேலே சொன்ன களச் சான்றுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

மூன்றாவது மறுப்பு மருத்துவத்திலிருந்து வருகிறது. 2004 ஏப்ரலிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். ஒழுங்காக மருந்து எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் அவரிடமிருந்து உறவின் வழியே மற்றவருக்குப் பரவுவதில்லை. தொற்று வராமல் தடுக்கும் முன்தடுப்பு மாத்திரை உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போடும் லெனகாபவிர் ஊசி, 2024-ல் முடிவு வெளியான ஆப்பிரிக்கச் சோதனையில் அதைப் பெற்ற 2,134 இளம் பெண்களில் ஒருவருக்கும் தொற்று வராமல் காத்தது. யாரிடமும் பேரம் பேசாமல் பெண் தன்னைக் காத்துக்கொள்ள முடிவது உண்மையிலேயே பெரிய விடுதலை, அது விரைவில் இவர்கள் கைக்கு வர வேண்டும். ஆனாலும் ஊசி சிபிலிஸைத் தடுக்காது, வேண்டாத கருவைத் தடுக்காது, அடியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொள்ள மருத்துவ மையத்துக்கு வர வேண்டும். கர்நாடகத்தில் அடிபட்ட பெண்கள்தான் மையத்துக்குக் குறைவாக வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நல்ல மருந்தும் பழைய பயத்தின் வாசலில்தான் காத்து நிற்கும்.

இனி செய்ய வேண்டியது

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவு இந்தச் செலவுகளில் பலவற்றை நேரடியாகத் தொடுகிறது. சம்மதத்தோடு தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்ணைக் காவல் துறை தொந்தரவு செய்யக் கூடாது, ஆணுறையைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளக் கூடாது, வன்கொடுமைக்கு ஆளானால் மற்ற பெண்களுக்குக் கிடைக்கும் அதே உதவி கிடைக்க வேண்டும், முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் வழங்க வேண்டும் என்பவை அதன் சாரம். 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இது தெரிந்திருக்க வேண்டும், மீறினால் விளைவு இருக்க வேண்டும். 1956-ன் சட்டத்தில் இந்தப் பெண்களையும் அவர்களின் வயது வந்த பிள்ளைகளையும் சிக்க வைக்கும் பிரிவுகளை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

இவற்றோடு மூன்று வேலைகள் மாநில அளவிலேயே தொடங்கக்கூடியவை. மாவட்டந்தோறும் உள்ள பாலியல் தொழிலாளர் அமைப்புகளுக்குச் சேமிப்பு, கடன் வசதியை அரசு உறுதிசெய்ய வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அவர்கள் தட்டுவதற்கு வேறொரு கதவு இருக்க வேண்டும். தொழில் செல்பேசிக்குள் போய்விட்டதால், தெருவிலும் லாட்ஜிலும் பெண்களைத் தேடிப் பழகிய சகக் கல்வியாளர்களுக்கு அதற்கேற்ற பயிற்சியும் நியாயமான சம்பளமும் தர வேண்டும். நிரந்தரத் துணைகளையும் வாடிக்கையாளர்களையும், அதாவது ஆண்களை, எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களுக்கு அழைத்து வரும் பிரசாரத்தை மீண்டும் தொடங்க வேண்டும்.

எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நிதியைக் குறைக்கும் எண்ணம் வலுப்பெறும் நேரம் இது. 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு அருகே கொண்டுவந்ததில் அந்தப் பெண்களின் சங்கங்களுக்கும் தெருத்தெருவாக நடந்த சகக் கல்வியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களைக் கைவிட்டால் ஒவ்வொரு பெண்ணும் மீண்டும் தனியே நின்று பேரம் பேச வேண்டிவரும், தனியே நின்ற காலத்தில் என்ன நடந்தது என்பதை மும்பையின் 1990-கள் சொல்கின்றன. 1986-ல் நாடு அவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தது. பரிசோதிக்க வேண்டியது அவர்கள் மறுக்கும்போது அதற்கு எவ்வளவு விலை வாங்குகிறோம் என்பதைத்தான். அந்த விலையை வைப்பது கிருமி இல்லை, நாம். எனவே அதைக் குறைக்கவும் நம்மால் முடியும்.